"நெட்லயே இல்லப்பா": தேடல் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது இணையத்தில் ஏதாவது அகப்படவில்லை என்றால் என் போன் அடிக்கும். "நெட்லயே இல்லப்பா" என்றுதான் பேச்சு தொடங்கும். அநேகமாக இருக்கும். நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பெட்டியில் என்ன அடித்தீர்கள்? எழுத்து மாறாமல் சொல்லுங்கள்." பாதி நேரம் கோளாறு அந்தப் பதிலிலேயே இருக்கும்.

தடித்த புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, தேடுபொறி வைத்திருப்பதும் அப்படி ஒன்றைத்தான். அதன் ரோபோக்கள் இணையப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று முன்கூட்டியே குறித்து வைக்கின்றன. நீங்கள் கேட்கும்போது அந்தக் குறிப்பைத்தான் அது புரட்டுகிறது. இப்போதெல்லாம் ஒரே பொருள் தரும் வேறு சொற்களையும் சேர்த்துப் பார்க்கப் பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அது நன்றாகவே நடக்கிறது; தமிழில் பல நேரம் காலை வாரிவிடுகிறது. அதனால் தமிழில் தேடுகிறவர், "எனக்கு என்ன வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல், "இதை எழுதியவர் என்ன சொல் போட்டிருப்பார்" என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கீழே சொல்லியிருக்கும் வைத்தியம் பெரும்பாலும் அந்த யோசனையிலிருந்து வந்ததுதான். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

"இருப்பது நிச்சயம், ஆனால் ஒன்றுமே வரவில்லை"

தூரத்துச் சொந்தத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 1903இல் பாலாறு பெருக்கெடுத்து வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதே, அதைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தார். வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கும் ஆறு அது; பேரப்பிள்ளைகள் நம்பவில்லையாம். அவர் அடித்தது இது: "1903ஆம் ஆண்டு திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடி பாலாறு வெள்ளத்தில் எவ்வாறு பாதிக்கப்பட்டது". வந்ததெல்லாம் அண்மை வருடங்களின் மழைச் செய்தி.

முதல் கோளாறு, முழு வாக்கியம். "எவ்வாறு", "பாதிக்கப்பட்டது", "ஆண்டு" ஆகியவை எல்லா வெள்ளச் செய்தியிலும் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது வாணியம்பாடி, 1903, பாலாறு, வெள்ளம். இந்த நாலு போதும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. தமிழில் பெயர்ச்சொல் அப்படியே நிற்பது அபூர்வம். "பாலாறு" என்பது எழுத்தில் வரும்போது பாலாற்றில், பாலாற்று, பாலாற்றங்கரை என்று ஆகிவிடும். "வீடு" வீட்டில் ஆகும், "மரம்" மரத்தை ஆகும். எழுத்தே மாறிவிடுவதால் தேடுபொறிக்கு இவை வேறு வேறு சொல்லாகப் படலாம். எனவே "பாலாறு வெள்ளம்" ஒரு தடவை, "பாலாற்று வெள்ளம்" ஒரு தடவை, "பாலாற்றில் வெள்ளம்" ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக இரண்டு மூன்று பக்கங்கள் தலைகாட்டும்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தது 2019இல். அதற்கு முன்பு வாணியம்பாடி வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்பு வட ஆற்காட்டில். வாணியம்பாடி இருந்த திருப்பத்தூர் தாலுகா வட ஆற்காட்டுக்கு வந்ததே 1911இல்தான். வெள்ளம் வந்த 1903இல் அது சேலம் மாவட்டம்! அந்தக் காலத்து கெஜட்டியரிலும் (அரசு வெளியிட்ட ஊர் விவரத் தொகுப்பு) வாணியம்பாடி சேலம் மாவட்டத்து ஊராகத்தான் இருக்கிறது. ஆக, பழைய ஆவணம் வேண்டுமென்றால் "திருப்பத்தூர் மாவட்டம்" என்று போடுவது நாமே கதவைச் சாத்திக்கொள்வதற்குச் சமம். மாவட்டம், தெரு, பல்கலைக்கழகம், அரசுத் துறை என்று எதைத் தேடினாலும் அந்தக் காலத்தில் அதற்கு என்ன பெயர் என்று முதலில் பாருங்கள்.

ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தேடும்போது வேறொரு தலைவலி. தூத்துக்குடியா டூட்டிகோரினா, திருவல்லிக்கேணியா டிரிப்ளிகேனா, "வாணியம்பாடி"யில் ஒய் எழுத்து உண்டா இல்லையா, இப்படி. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கிண்டலும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அரசுக்கே பிடிபடாத விஷயம். தேடுகிறவர் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலை முயன்றுதான் ஆக வேண்டும்.

தமிழிலும் இதே கதை உண்டு. கோயில், கோவில். கத்தரிக்காய், கத்திரிக்காய். பத்திரப்பதிவு, பத்திர பதிவு. எழுதுகிறவர் ஈழத்தவர் என்றால் நம் பத்திரிகைகளின் "டொரண்டோ" அவரிடம் "ரொறன்ரோ" ஆகியிருக்கும். ஒற்று போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை தேடுங்கள். இலக்கண வாத்தியார் மன்னிப்பார்.

"எழுத்து சரியாகத்தானே இருக்கிறது, அப்படியும் வரவில்லை"

கண்ணுக்குச் சரி, கணினிக்குத் தப்பு. இதை நான் கண்டுபிடிக்கவே பல வருடம் ஆயிற்று.

ஔவையார் என்று எழுதும்போது முதலில் வருவது "ஔ" என்ற ஒரே எழுத்து. நிறையப் பேர் "ஒ" அடித்து அடுத்து "ள" அடித்துவிடுகிறார்கள்: ஒளவையார். திரையில் வித்தியாசம் தெரிவது கஷ்டம். கௌதமன், கெளதமன் விஷயமும் இதேதான். இரண்டாவதில் "கெ" தனி, "ள" தனி. சோதிக்க ஒரு சுலபமான வழி: சொல்லின் தொடக்கத்தில் கர்சரை வைத்து அம்புக்குறியை ஒரு தட்டு தட்டுங்கள். "ஔ"வை ஒரே தட்டில் தாண்டினால் சரி. இரண்டு தட்டு கேட்டால் அது "ஒள". பிழையான வடிவில் எழுதிய நல்ல பக்கங்கள் ஏராளம் என்பதால், பிழையாகவும் ஒரு தடவை தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

"ஸ்ரீ"யிலும் இப்படி ஒன்று உண்டு. ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் கணினிகள் பொதுவாக வைத்திருக்கும் எண் முறை) சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். இதற்குக் கர்சர் சோதனை உதவாது. "ஸ்ரீ"யை விட்டுவிட்டு மற்றச் சொற்களால் தேடுவதே நல்லது. ஸ்ரீரங்கம் என்றால் திருவரங்கம் என்று போட்டுப் பாருங்கள்.

"பக்கம் திறக்கிறது, படிக்கவும் முடிகிறது, தேடினால் மட்டும் இல்லை"

இது பழைய எழுத்துரு நோய். யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழைப் பல விதமாகக் கணினிக்குள் அடைத்தார்கள்: திஸ்கி, பாமினி, 1999இல் தமிழக அரசு தரமாக ஏற்ற டாம், டாப். அரசு யூனிகோடுக்கு வந்தது 2010இல். பாமினியில் செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கஞ்சி. தேடுபொறி படிப்பது அந்தக் கஞ்சியைத்தான்.

சோதனை: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். தமிழாகப் போய்ச் சேர்ந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாகப் போனால் பழைய எழுத்துரு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் அதை ஒட்டி யூனிகோடாக்கிவிடலாம். தலைகீழாகவும் செய்யலாம்: உங்கள் தேடுசொல்லைப் பாமினிக்கு மாற்றி, அந்தக் குப்பையையே தேடல் பெட்டியில் போடுவது. சிரிக்காதீர்கள், சில நேரம் அகப்படும்.

நகலெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள். உள்ளே எழுத்தே கிடையாது, பக்கங்களின் போட்டோ மட்டும். அப்படிப்பட்டதை உள்ளடக்கத்தால் தேடிப் பயனில்லை. நூல் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, இவற்றால்தான் பிடிக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகியவற்றில் அந்தந்தத் தளத்தின் உள்ளேயே தேடுங்கள். மதுரைத் திட்டம் வேறு ரகம். 1998இலிருந்து தன்னார்வலர்கள் இலக்கிய நூல்களை எழுத்து வடிவிலேயே தருகிறார்கள், அதனால் ஒரு செய்யுள் வரியைக்கூட நேராகத் தேடிப் பிடிக்கலாம்.

கையில் இருக்கும் ஸ்கேன் கோப்பை எழுத்தாக்க, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால் போதும்; தமிழையும் படிக்கும். பெரிய கோப்பைச் சில பக்கங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய அச்சில் ரகரத்தையும் துணைக்காலையும் அது குழப்பிக்கொள்ளும், சரிபார்க்காமல் மேற்கோள் காட்ட வேண்டாம்.

"ஆயிரம் வருகிறது, நான் கேட்டது இல்லை"

தோட்டம் போட்ட அத்தை ஒரு நாள் கூப்பிட்டார். வெண்டைச் செடியின் இலையெல்லாம் மஞ்சளாகிறதாம். "வெண்டை இலை மஞ்சள்" என்று தேடினால் ஒருவர் உரம் போடு என்கிறார், ஒருவர் தண்ணீரைக் குறை என்கிறார், ஒருவர் மோர் தெளிக்கச் சொல்கிறார். "நரம்பு மட்டும் மஞ்சளா, இலை முழுக்கவா?" என்றேன். நரம்புதான் என்றார்.

"வெண்டை இலை நரம்பு மஞ்சள் நோய்" என்று மாற்றிப் போட்டதும் ஒரு பெயர் கிடைத்தது: மஞ்சள் நரம்புத் தேமல். அந்தப் பெயரை வைத்து மறுபடி தேடினோம். இது வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புகிறது, பாதித்த செடியைப் பிடுங்க வேண்டும், எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் விதைக்க வேண்டும் என்று வேளாண் பல்கலைக்கழகத் தளத்திலேயே இருந்தது. முதல் தேடல் துறைக்காரர்கள் சொல்லும் பெயரைக் கண்டுபிடிக்க. இரண்டாவது தேடல்தான் பதிலுக்கு. மருத்துவம், சட்டம், வண்டி ரிப்பேர் எல்லாவற்றுக்கும் இதே இரட்டை நடைதான். முதல் தேடலிலேயே பதிலை எதிர்பார்ப்பதால்தான் பலர் மோர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல் சரியாக இருந்தும் கூட்டம் குறையவில்லை என்றால் சில குறிகள் உதவும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தத் தொடர் அப்படியே உள்ள பக்கம் மட்டும் வரும். பாட்டு வரி, பிழைச் செய்தி, அரசாணைத் தலைப்பு ஆகியவற்றுக்கு அருமை. சாதாரணத் தேடலுக்கு வேண்டாம். மேலே சொன்ன உருபுத் தொல்லை பத்து மடங்காகும்.

கழித்தல் குறி வேண்டாததை விலக்கும். நம் திருப்பத்தூரைத் தேடினால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரும் வந்து நிற்கும் அல்லவா? திருப்பத்தூர் -சிவகங்கை என்று அடியுங்கள். குறிக்கு முன்னால் இடைவெளி வேண்டும், பின்னால் கூடாது. இந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்.

ஒரே தளத்துக்குள் தேட, ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, ஒட்டி முக்காற்புள்ளி (:) வைத்து, அதையொட்டித் தளத்தின் முகவரியைப் போட வேண்டும். முழு முகவரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்திய அரசுத் தளங்களின் வால்பகுதியான ஜிஓவி புள்ளி ஐஎன் மட்டும் போட்டால் அரசுத் தளங்கள் மட்டும் வரும். எனக்கு ஒரே ஒரு குறியை வைத்துக்கொள்ள அனுமதி என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

நீங்கள் அடித்ததை விட்டு வேறொன்றை அதுவாகவே "திருத்தி"க் காட்டுகிறதா? கணினியில் கூகுள் முடிவுப் பக்கத்தின் மேலே டூல்ஸ் என்பதைத் தட்டினால் எல்லா முடிவுகளும் என்ற பட்டியலில் வெர்பேட்டிம் என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் அடித்ததை அடித்தபடி தேடும். கூட்டல் குறி போடச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம், கூகுள் அதை 2011லேயே எடுத்துவிட்டது.

"தகவல் வந்தது, ஆனால் காலாவதியானது"

மின்கட்டணம் இதற்கு நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கான கட்டணம் 2022 செப்டம்பரில் மாறியது, 2024 ஜூலையில் மறுபடி மாறியது. பழைய அட்டவணை போட்ட பக்கங்கள் அழியவில்லை. நிறையப் பேர் பார்த்த பக்கம் என்பதால் அவை மேலேயே நிற்கும். இன்னொரு தந்திரம், உள்ளே எதையும் மாற்றாமல் தலைப்பில் மட்டும் புது வருடத்தை ஒட்டிவைப்பது. தலைப்பில் உள்ள வருடத்தைப் பார்க்காதீர்கள், அட்டவணைக்கு மேலே "இன்ன தேதி முதல்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

டூல்ஸில் காலத்தைக் குறுக்கலாம். இல்லையென்றால் ஆங்கிலத்தில் ஆஃப்டர் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டி ஆண்டைப் போடலாம். பழையது வேண்டுமென்றால் பிஃபோர். 2019இல் வந்த வசதி இது. கூகுள் ஒரு பக்கத்தின் தேதியை ஊகித்துத்தான் வைத்திருக்கிறது, சில நேரம் தப்பும்.

"முதலில் வந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், பணம் போய்விட்டது"

இதைப் படிப்பவருக்கு இப்போதுதான் நடந்தது என்றால் மற்றதெல்லாம் அப்புறம்: உடனே 1930க்கு அழையுங்கள். அது நாடு முழுவதுக்குமான சைபர் குற்ற நிதி மோசடி உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. அடுத்தது வங்கி.

என் சித்தப்பா கேஸ் சிலிண்டர் வரவில்லையென்று கஸ்டமர் கேர் எண்ணைத் தேடினார். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார், "ஒரு ஆப் போட்டுக்கோங்க சார், நானே பார்த்துத் தர்றேன்" என்றார். அது இவர் திரையை அவருக்குக் காட்டும் ஆப். பதினைந்து நிமிடத்தில் கணக்கு காலி. கேஸ் கம்பெனிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் வருவது சரியானது என்று அர்த்தமில்லை. விளம்பரமாக இருக்கலாம், வரைபடத்தில் யாரோ மாற்றிவிட்ட எண்ணாக இருக்கலாம். தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடவே வேண்டாம் என்பது என் கட்சி. கார்டின் பின்பக்கம், பில், பாஸ்புக், நிறுவனத்தின் சொந்த ஆப், இவற்றில் இருக்கும். உண்மையான ஊழியர் எவரும் ஓடிபி கேட்க மாட்டார்.

"மேலேயே ஏஐ பதில் சொல்லிவிட்டது, நம்பலாமா?"

2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கூகுள் முடிவுகளின் தலையில் இந்தத் தொகுப்பு வருகிறது. சரியான கலைச்சொல்லை எடுத்துக்கொடுப்பதில் கெட்டிக்காரன். மஞ்சள் நரம்புத் தேமல் மாதிரிப் பெயர்களை நொடியில் சொல்லிவிடும். தொகை, தேதி, மருந்தளவு, சட்டப் பிரிவு ஆகியவற்றில் மட்டும் நான் அதை நம்புவதில்லை. பக்கத்திலிருக்கும் இணைப்பைத் திறந்து, அந்த எண் உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். தொகுப்பே வேண்டாம் என்றால் முடிவுகளுக்கு மேல் உள்ள வரிசையில் வெப் என்பதைத் தட்டினால் பழைய மாதிரி இணைப்புகள் மட்டும் வரும்.

"போன மாதம் பார்த்த பக்கம் இன்று திறக்கவில்லை"

முன்பு கூகுளே ஒரு நகல் வைத்திருந்தது. 2024 தொடக்கத்தில் அந்த இணைப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின்தான் கதி. முகவரியை அங்கே ஒட்டினால் எந்தெந்தத் தேதியில் நகல் எடுத்தார்கள் என்று நாட்காட்டியில் காட்டும். இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் தந்து 2009இல் மூடப்பட்ட ஜியோசிட்டீஸில் இருந்த தமிழ்ப் பக்கங்கள் சிலவற்றைக்கூட நான் அங்கே பார்த்திருக்கிறேன். முகவரி தேவை என்பதுதான் சிக்கல். முக்கியமான பக்கமென்றால் பார்த்த அன்றே முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேயே நகல் எடுக்கவும் சொல்லலாம்.

"பட்டா, வில்லங்கம், கோர்ட் கேஸ் எதுவுமே கூகுளில் இல்லை"

வராது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று படிவத்தை நிரப்பினால்தான் அந்த விவரம் திரையில் உருவாகும். ரோபோ படிவம் நிரப்பாது. துறையின் தளத்தை மட்டும் கூகுளில் கண்டுபிடித்து, மிச்சத்தை உள்ளே போய்த் தேடுங்கள்.

"எல்லாம் செய்தாயிற்று, இன்னும் இல்லை"

அப்படியானால் யாரும் இன்னும் ஏற்றவில்லை. நம் ஆசிரியருக்கும் அதுதான் நடந்தது. சொல் மாற்றி, ஊரெழுத்து மாற்றித் தேடியதில் ஆங்கிலத்திலும் தமிழிலும் சில பத்திகள் கிடைத்தன. அவர் கேட்ட விவரம் அவற்றில் இல்லை. அடுத்து எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவதாகச் சொன்னார். அனுமதிக் கடிதத்தை என்னிடம் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னேன். மாவட்டம் என்ற இடத்தில் திருப்பத்தூர் என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டு, சேலம் என்று எழுதிக்கொடுத்தேன்.